வாய்வழி மருந்து: கடலூரும் கெட்டிக்கிற துப்பாக்கியும்

துப்பாக்கியில் தோட்டா "போடுவது" என்று இப்போது சொல்கிறோம். பழைய தமிழில் அதற்கு வேறு சொல் இருந்தது: கெட்டித்தல். மருந்து கெட்டிப்பது, துப்பாக்கி கெட்டிப்பது. இடித்து இறுக்குவது என்றுதான் அர்த்தம். வெடிக்கிற தூளுக்கு "மருந்து" என்று பேர். சின்னச் சின்ன ஈய உருண்டைக்கு "ரவை" என்று பேர். இந்தச் சொற்களெல்லாம் நம்மிடம் வந்து சேர்ந்த காலத்தில் துப்பாக்கிக்குப் பின்பக்கம் கதவு கிடையாது. எது உள்ளே போனாலும் வாய் வழியாகத்தான் போக வேண்டும், எது வெளியே வந்தாலும் அதே வாய் வழியாகத்தான் வர வேண்டும்.

இந்த மாதிரித் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டில் இன்றைக்கும் பலர் இதை வைத்துக் குறி சுடும் போட்டி நடத்துகிறார்கள். அதிலும் வாய்வழி கெட்டிக்கிற ரிவால்வர் என்று ஒன்று உண்டு என்பது நிறையப் பேருக்கு ஆச்சரியமாக இருக்கும். இதைப் பற்றிப் படித்துக்கொண்டே போனால் வழி சுற்றிச் சுற்றிக் கடலூருக்கே வந்து நிற்கிறது. அது ஏன், இந்தத் துப்பாக்கியை எப்படிக் கெட்டிக்கிறார்கள், எப்படிப் பராமரிக்கிறார்கள், நம் நாட்டில் யார் வைத்துக்கொள்ளலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

ஒரு வேட்டுக்கு எவ்வளவு வேலை

இன்றைய தோட்டாவில் நாலு பொருள் ஒன்றாக அடங்கியிருக்கிறது: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் பொட்டு, உள்ளே மருந்து, மேலே குண்டு. தொழிற்சாலையில் அளந்து செய்து அனுப்பிவிடுகிறார்கள். சுடுகிறவருக்கு அதில் வேலை இல்லை.

வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கியில் அந்தத் தோட்டாவைச் சுடுகிறவரே குழலுக்குள் ஒவ்வொரு தடவையும் செய்கிறார். முதலில் அளந்த மருந்து. அதன் மேல் குண்டு, அல்லது தக்கையும் ரவையும். பிறகு நீளமான கோலால் இடித்து அடிவரை இறக்க வேண்டும். கடைசியாகப் பற்ற வைக்கும் ஏற்பாடு. ஆதியில் அது புகைந்துகொண்டிருக்கும் திரி. அப்புறம் சக்கிமுக்கிக் கல். 1807இல் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், அடித்தால் பொறி பறக்கும் ரசாயனத்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தக் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் செம்புக் கேப்பு. தீபாவளிக்கு நாம் வெடித்த பொட்டு வெடி, சுருள் கேப்பு எல்லாம் இந்த வகையறாதான்.

நன்றாகப் பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று வேட்டு போடுவான். அதுவே பெரிய வேகம். 18ஆம் நூற்றாண்டுப் போர்ப்படங்களில் ஆட்கள் ஏன் கோடு கிழித்த மாதிரி வரிசையாக நிற்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். தனியாள் சுட்டுவிட்டுக் கெட்டிக்கும் நேரத்தில் குதிரைக்காரன் வந்து வெட்டிவிடுவான். வரிசையாக நின்று ஒரே சமயத்தில் சுட்டால்தான் பலன்.

நம்ம பக்கத்திலேயே இது நடந்திருக்கிறது. 1781 ஜூன் 18 அன்று சர் அயர் கூட் சிதம்பரம் கோயிலைத் தாக்கினார். கோயிலை ஹைதர் அலி கோட்டையாக்கி ஆளும் தானியமும் வைத்திருந்தார். மதிலுக்குப் பின்னால் இருப்பவன் நிதானமாகக் கெட்டித்துச் சுடலாம், வெட்டவெளியில் வருகிறவனுக்கு அந்த வசதி இல்லை. கூட்டின் படை நஷ்டப்பட்டுப் பின்வாங்கியது. இரண்டு வாரம் கழித்து, ஜூலை 1ஆம் தேதி, பரங்கிப்பேட்டைக்கு அருகே வெட்டவெளியில் இரு தரப்பும் மோதியபோது முடிவு கூட்டின் பக்கம் போனது.

1690: கெட்டிக்கிறவன் போட்ட எல்லை

இன்னும் தொண்ணூறு வருஷம் பின்னால் போவோம். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி, கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. விற்றவர் அப்போது செஞ்சியில் இருந்த ராஜாராம், சிவாஜியின் மகன். சென்னையில் அப்போது கவர்னர் எலிஹு யேல். பின்னாளில் இவர் பேரில்தான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் வந்தது. வாங்கிய கோட்டைக்குக் கம்பெனி வைத்த பேர் செயின்ட் டேவிட் கோட்டை.

விற்பனையில் ஒரு விநோதமான நிபந்தனை இருந்தது. கோட்டையோடு, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள நிலமும் சேர்த்தி. நில அளவைக்குச் சங்கிலி கிடையாது, கல் நடுவது கிடையாது. பீரங்கிதான் அளவுகோல்.

சரி, எந்தப் பீரங்கி? எவ்வளவு மருந்து? குழலை எவ்வளவு உயர்த்துவது? பத்திரத்தில் அது இல்லை. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியையும் கைதேர்ந்த பீரங்கிக்காரரையும் ஏற்பாடு செய்தார்கள். நன்றாகக் கெட்டித்து முடிந்த அளவு தூரம் சுடுவது அவருடைய கைத்திறமை, அதில் யாரும் குறை சொல்ல முடியாது என்பதுதான் அவர்களுடைய வாதம். 1690 செப்டம்பரில் சுட்டார்கள். அந்த வட்டத்துக்குள் கடலூர்ப் பழைய ஊரும் சுற்றியிருந்த பல ஊர்களும் அகப்பட்டன. "குண்டு கிராமங்கள்" என்ற பேர் அப்படி வந்ததுதான்.

உள்ளூர்க் கதையாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பல ஊர்களின் தலைவிதி அன்றைக்கு ஒரு ஆள் எவ்வளவு மருந்து அள்ளிப் போட்டான், குண்டு குழலுக்குள் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்தது என்பதைப் பொறுத்து இருந்தது. துப்பாக்கி அளவு சொல்லவில்லை, கெட்டித்தவன் சொன்னான்.

அளவு தேடி வந்த மனிதர்

அதே கோட்டையில் 1751 ஜூலை 29 அன்று ஜுரத்தில் ஒரு ஆங்கிலேயர் இறந்துபோனார். பேர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் பாத் நகரில் பிறந்தவர், கணித மேதை. கம்பெனியின் தலைமைப் பொறியாளராக, சென்னைக் கோட்டையையும் செயின்ட் டேவிட் கோட்டையையும் பலப்படுத்தத் திட்டம் போடுவதற்காக 1750இல் இங்கே வந்தார். வந்து ஏறக்குறைய ஒரு வருஷத்தில் முடிந்துபோனது. கிளைவுக்குக் கிடைத்த பேரும் புகழும் கடலூரில் இவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் உலகத்தில் எங்கே துப்பாக்கிக் குண்டின் பாதையைக் கணக்குப் போட்டாலும் அந்தக் கணக்கின் ஆரம்பம் இந்த மனிதர்தான்.

1742இல் இவர் எழுதிய பீரங்கிக் கலை நூல் வெளிவந்தது. அதற்கு முன்னால் குண்டின் வேகத்தை அளக்க யாருக்கும் சரியான வழி தெரியாது. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை எப்படி அளப்பது? ராபின்ஸ் செய்த வேலை ரொம்ப எளிமையானது. கனமான மரக்கட்டையை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டார். குண்டை அதற்குள் சுட்டார். குண்டு கட்டைக்குள் புதைந்ததும் கட்டை பின்னால் ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதை அதோடு இழுபட்டு வரும் நாடாவில் அளந்தார். கட்டையின் எடை தெரியும், குண்டின் எடை தெரியும், ஆட்டமும் தெரியும். மீதி கணக்கு. மறைந்திருந்த வேகம் வெளியே வந்துவிட்டது.

வந்த பதில் அதிர்ச்சியானது. படைத் துப்பாக்கியின் ஈயக் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 1,700 அடி வேகத்தில் வாயை விட்டுக் கிளம்புகிறது. காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டு, 45 பாகை சாய்வில் சுட்டால், கலிலியோவின் கணக்குப்படி அது 27 கிலோமீட்டர் போக வேண்டும். நிஜத்தில் ஒரு மைலைக்கூட அது தாண்டாது. மீதித் தூரத்தைக் காற்று தின்றுவிடுகிறது. காற்றின் தடை சொற்பம், கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். வேகமாகப் போகும் குண்டுக்கு அந்தத் தடை அதன் சொந்த எடையைப் போல நூறு மடங்குக்கும் மேல் என்று ராபின்ஸ் காட்டினார். மாபெரும் கணித மேதை ஆய்லர் 1745இல் இந்த நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கமும் எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவனாம்பட்டினத்துப் பீரங்கிக்காரர் கைப்பழக்கத்தில் செய்ததற்குக் கணக்கு எழுதியவர், அதே தேவனாம்பட்டினத்தில் வந்து கண்ணை மூடியிருக்கிறார்.

குண்டு ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை

குறி சுடுகிறவருக்கு ராபின்ஸின் இன்னொரு கண்டுபிடிப்புதான் முக்கியம். வழவழப்பான குழல் உள்ள துப்பாக்கியைத் தூணில் கட்டி வைத்து, அசையாமல் பத்துத் தடவை சுட்டாலும் பத்துக் குண்டும் பத்து இடத்தில் போய் விழும். ஏன்?

கருமருந்து எரிந்தால் பாதிக்கும் மேல் புகையாகவும் கரியாகவும் பிசுக்காகவும் மிஞ்சும். நாலு வேட்டு போட்டாலே குழலின் உள்சுவரில் அடை மாதிரி அப்பிக்கொள்ளும். குண்டு குழலின் அளவுக்குச் சரியாக இருந்தால் ஐந்தாவது குண்டு உள்ளே இறங்காது. போரில் அது மரணம். அதனால் குண்டை வேண்டுமென்றே சின்னதாக வார்த்தார்கள். அந்த இடைவெளியால் சுடும்போது குண்டு குழலுக்குள் இந்தச் சுவரிலும் அந்தச் சுவரிலும் மோதிக்கொண்டே வெளியே வரும். கடைசியாக எந்தச் சுவரில் உரசியதோ அதற்கேற்ப ஒரு சுழற்சியோடு கிளம்பும். பந்து வீச்சாளர் விரலால் சுழற்றிய பந்து காற்றில் வளைகிற மாதிரி, இந்தக் குண்டும் வளையும்.

இதை நிரூபிக்க ராபின்ஸ் ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கமாகச் சற்று வளைத்தார். எதிரே வரிசையாக மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டார். குண்டு துளைத்த இடங்கள் வழியைக் காட்டிக்கொடுத்தன. முதலில் இடப்பக்கம் கிளம்பிய குண்டு, தூரம் போகப் போக வலப்பக்கமாக வளைந்திருந்தது. வளைந்த குழலின் வலது சுவரில் உருண்டு வந்த சுழற்சிதான் காரணம்.

நோய் தெரிந்துவிட்டால் மருந்தும் தெரியும். ஒழுங்கில்லாத சுழற்சியைத் தடுக்க, நாமே ஒழுங்கான சுழற்சியைக் கொடுத்துவிட வேண்டும். குழலுக்குள் திருகாணி மாதிரி வரி வெட்டிய ரைஃபிள்கள் அப்போதே இருந்தன. கெட்டிக்க நேரமாகும் என்று படைகள் ஒதுக்கியிருந்தன. ரைஃபிளின் தன்மையை முழுதாகப் புரிந்துகொண்டு படைக்குக் கொடுக்கும் நாடு மற்றவர்களை மிஞ்சிவிடும் என்று ராபின்ஸ் அன்றே எழுதிவைத்தார். நூறு வருஷம் கழித்து அப்படியே நடந்தது. 1853ஆம் வருஷ மாதிரி என்ஃபீல்டு, வாய்வழி கெட்டிக்கிற ரைஃபிள்தான். அதன் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்ட வேண்டும், குண்டு வழுக்கி இறங்கக் கொழுப்பு தடவியிருக்கும். 1857இல் அந்தக் கொழுப்பு என்ன கொழுப்பு என்ற கேள்வி எதில் போய் முடிந்தது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். கெட்டிக்கும் முறையில் ஒரு சின்ன விவரம், நாட்டின் சரித்திரத்தையே அசைத்துவிட்டது.

ரிவால்வருக்கு எங்கே வாய்?

இப்போது ரிவால்வருக்கு வருவோம். சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ரிவால்வரில் இன்றைய தோட்டா கிடையாது. சுழலும் உருளையில் ஐந்தோ ஆறோ அறைகள். ஒவ்வொரு அறையின் முன்வாய் வழியாகவும் மருந்தும் குண்டும் கெட்டிக்க வேண்டும். பின்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சின்ன முளை, அதன் மேல் ஒரு கேப்பு. தீபாவளிக்கு எட்டுப் பொட்டு உள்ள சிவப்பு வளையத்தை மாட்டிச் சுடுவோமே, அந்தப் பொம்மைத் துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் கிட்டத்தட்ட அதுதான்.

குறி சுடும் மைதானத்தில் கெட்டிக்கும் வரிசை இப்படி இருக்கும்:

முதலில் காலியான முளைகளின் மேல் கேப்பை மட்டும் வைத்து வெடிப்பார்கள். முளைத் துளையில் எண்ணெய் அடைத்திருந்தால் அது போய்விடும். பிறகு குதிரையைப் பாதி பின்னிழுத்தால் உருளை தடையில்லாமல் சுற்றும். குழல் வானத்தைப் பார்த்திருக்க, ஒவ்வொரு அறையிலும் முன்னமே சின்னக் குப்பியில் அளந்து வைத்த மருந்தைக் கொட்டுவார்கள். பெரிய மருந்துக் குடுவையிலிருந்து நேரடியாக ஊற்றவே கூடாது. அறைக்குள் ஒரு கங்கு மிஞ்சியிருந்தால் குடுவையே கையில் வெடிக்கும்.

மருந்துக்கு மேல் சிலர் ஒரு நிரப்பி போடுவார்கள். குறி சுட மருந்து கொஞ்சம் போதும், ஆனால் குண்டு அறையின் வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் நேராகக் குழலுக்குள் நுழையும். நடுவில் வெற்றிடமும் விடக்கூடாது. அந்த இடத்தை நிரப்ப இங்கிலாந்துக்காரர்கள் போடுவது என்ன தெரியுமா? சமையலறை ரவை. உப்புமா கிண்டுகிற அதே ரவை. தமிழில் துப்பாக்கி ரவைக்கும் உப்புமா ரவைக்கும் ஒரே பேர் இருப்பது அவர்களுக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார்கள்.

அடுத்து குண்டு. இங்கேதான் ராபின்ஸின் சிக்கல் தீர்கிறது. ரிவால்வர் குண்டு அறையை விட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும். குழலுக்குக் கீழே உள்ள நெம்புகோலால் அழுத்தும்போது, மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவிக்கொண்டு வெளியே விழும். அப்படி விழுந்தால் குண்டு இடைவெளி இல்லாமல் பொருந்திவிட்டது என்று அர்த்தம். சுட்டதும் குழலில் உள்ள வரிகளைப் பற்றிக்கொண்டு ஒரே சீராகச் சுழன்று போகும்.

கெட்டித்த குண்டுகளின் மேல் கொழுப்பு தடவுவார்கள், அல்லது மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் கொழுப்பில் தோய்த்த கம்பளித் தக்கை வைப்பார்கள். பிசுக்கு இளகியே இருக்கும். ஒரு அறையின் தீ பக்கத்து அறைக்குத் தாவாமலும் தடுக்கும். பொருந்தாத குண்டு, தளர்ந்த கேப்பு இரண்டும்தான் அப்படித் தாவலுக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. தாவினால் இரண்டு மூன்று அறை ஒன்றாக வெடிக்கும், விரலோ கண்ணோ போகலாம்.

எல்லாம் முடிந்து, சுடும் இடத்தில் நின்று, குறியைப் பார்த்து நீட்டிய பிறகுதான் கேப்பு. அதுதான் கடைசி. கேப்பு வைத்துவிட்டால் அது உயிருள்ள ஆயுதம்.

கேப்பு வெடித்தும் வேட்டு வராவிட்டால் உடனே திருப்பிப் பார்க்கக் கூடாது. குழலைக் குறியை நோக்கியே பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். உள்ளே தீ மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கலாம். இன்னொரு விதி இதை விடப் பெரியது: கருமருந்துக்காகச் செய்த துப்பாக்கியில் இன்றைய புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. அழுத்தம் தாங்காமல் உருளை பிளந்துவிடும்.

இதற்கென்று 1971இல் ஏற்பட்ட சர்வதேச அமைப்பு நடத்தும் போட்டிகளில் 30 நிமிஷத்தில் 13 குண்டு சுடலாம், அதில் சிறந்த 10 கணக்கில் சேரும். வேகத்துக்கு அங்கே பரிசு இல்லை. பதின்மூன்று தடவையும் ஒரே அளவு மருந்து, ஒரே அழுத்தம், ஒரே கொழுப்பு போட்டவருக்குத்தான் பரிசு.

சுட்ட பிறகு வெந்நீர்

கருமருந்து எரிந்து மிஞ்சும் பிசுக்கில் உப்புகள் இருக்கின்றன. அவை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரமும் உப்பும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கடலூர், பரங்கிப்பேட்டைப் பக்கம் வீடு கட்டி ஜன்னல் கம்பி போட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். உப்பங்காற்றில் ஒரே ராத்திரியில் துருப் பிடிக்க ஆரம்பித்துவிடும்.

நல்ல வேளை, உப்பு என்பதால் தண்ணீரில் கரையும். அதனால் இந்தத் துப்பாக்கிக்கு ஏற்ற சுத்தம், விலை உயர்ந்த ரசாயனம் அல்ல, வெந்நீரும் சோப்பும்தான். சுட்ட அன்றைக்கே, குழலையும் உருளையையும் கழற்றி வெந்நீரில் கழுவ வேண்டும். முளைகளைத் திருகி எடுத்துத் துளையைச் சுத்தம் செய்ய வேண்டும். வெந்நீரின் சூட்டிலேயே இரும்பு சீக்கிரம் காயும். பிறகு உலர்ந்த துணி, அப்புறம் மெல்லிய எண்ணெய். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியைக் குழலுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். பழுப்பு நிறம் வந்தால் திரும்ப முதலிலிருந்து. முளைகளை மாட்டும்போது மரையில் கொஞ்சம் கொழுப்பு தடவ மறந்தால், அடுத்த தடவை அவை கழன்று வராது.

யார் வைத்துக்கொள்ளலாம்?

இங்கே பிரிட்டனும் இந்தியாவும் வேறு வேறு வழி போகின்றன. 1996இல் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் கொல்லப்பட்ட பிறகு, பிரிட்டன் 1997இல் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. ஆனால் வாய்வழி கெட்டிக்கிறவற்றுக்கு விலக்கு கொடுத்தது. உரிமம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கெட்டிக்கவே பல நிமிஷம் ஆகிறதால் ஆபத்து குறைவு என்பது ஏற்கத்தக்க வாதம். அங்கே ரிவால்வரில் குறி சுட ஆசைப்படும் பலர் இந்தப் பழைய முறைக்கு வந்ததற்குக் காரணம் அதுதான். அமெரிக்காவில் மத்தியச் சட்டம் இவற்றைப் பொதுவாகத் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, மாநிலச் சட்டங்கள் வேறுபடும்.

இணையத்தில் அமெரிக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு "பழைய மாடலுக்கு லைசென்ஸ் வேண்டாமாமே" என்று நம்ம ஊரில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டும். நம்முடைய 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்துக்கு, வெடிப்பின் விசையால் எறிபொருளைச் செலுத்தும் எதுவும் துப்பாக்கிதான். பின்னால் கெட்டித்தாலும் முன்னால் கெட்டித்தாலும் ஒன்றுதான். பழமையான ஆயுதங்களுக்கு 45ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அதைப் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் இருந்தால் மட்டும்தான். "தாத்தா காலத்துது" என்பது மட்டும் போதாது. மருந்துக்கும் 1884ஆம் வருஷ வெடிபொருள் சட்டம் இருக்கிறது.

சுவாரசியம் என்னவென்றால், நம் ஆயுதச் சட்டம் வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கியைப் பேர் சொல்லியே குறிப்பிடுகிறது. 13ஆம் பிரிவில், உண்மையாகவே பயிர்க் காவலுக்கு என்று ஒருவர் இதைக் கேட்டால் உரிமம் தர வேண்டியவற்றில் ஒன்றாக அது வருகிறது. குறி சுடும் பயிற்சிக்கு அதே பிரிவு சொல்வது, அங்கீகாரம் பெற்ற சங்க உறுப்பினர்களுக்கு .22 ரைஃபிளும் காற்றுத் துப்பாக்கியும். ஆக, ஐரோப்பியரின் கண்ணில் இது விளையாட்டுப் பொருள், நம் சட்டத்தின் கண்ணில் இது வரப்புக் காவலாளி. பயிர்க் காவல் உரிமம் வேட்டை அனுமதி ஆகாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1972ஆம் வருஷ வனவிலங்குச் சட்டம் தனி.

அந்தச் சட்டம் வந்ததும் ஒரு சமூகத்தின் பிழைப்பே மாறிப்போனது. தமிழ்நாட்டில் கெட்டிக்கிற துப்பாக்கியைக் கடைசிவரை அன்றாடக் கருவியாக வைத்திருந்தவர்கள் நரிக்குறவர்கள். வேட்டை போன பிறகு மணி மாலைதான் மிஞ்சியது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அவர்கள் நெடுங்காலம் கேட்டது 2023 ஜனவரியில்தான் சட்டமானது. கருமருந்தை அளவு பார்க்காமலே அள்ளத் தெரிந்த அந்தக் கைகளிடம் யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தால் நமக்கு ஒரு நல்ல நூல் கிடைத்திருக்கும்.

பரணில் ஒன்று கிடந்தால்

கடைசியாக, இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது பயன்படலாம் என்பதற்காக ஒன்று. பழைய மிராசு வீடுகளை இடிக்கும்போதோ, பரணைக் காலி செய்யும்போதோ இந்த மாதிரித் துப்பாக்கி கிடைப்பது உண்டு. பார்த்தவுடனே பலரும் செய்வது, தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுப்பது. குழந்தை கையில் கொடுத்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

தயவுசெய்து வேண்டாம். கெட்டிக்கிற துப்பாக்கியில் மருந்து இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. திறந்து பார்க்கக் கதவு இல்லை. ராத்திரிக் காவலுக்குக் கெட்டித்து, சுடத் தேவையில்லாமல் அப்படியே சாத்தி வைத்தது எத்தனையோ வருஷம் அப்படியே இருக்கும். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் தலைமுறை தாண்டியும் எரியும். நனைந்தது காய்ந்தாலும் பற்றக்கூடும். அனுபவம் உள்ளவர்கள் குழலுக்குள் ஒரு மரக்குச்சியை விட்டு, அது எவ்வளவு உள்ளே போகிறது, வெளியிலிருந்து குழலின் நீளம் எவ்வளவு என்று ஒப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். குச்சி அடிவரை போகாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதை அவர்கள் செய்யட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: குதிரையைத் தொடாதீர்கள். வாய்ப்பக்கம் யாரும் நிற்க வேண்டாம். எண்ணெய் போட்டுத் தேய்ப்பது, வெயிலில் வைப்பது, பற்ற வைத்துத் துருவை நீக்குவது எதுவும் வேண்டாம். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். உரிமதாரர் இறந்துபோனாலோ உரிமம் காலாவதியானாலோ துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. நாமாகப் போய்ச் சொன்னால் முறையான விஷயம். ஒளித்து வைத்து அகப்பட்டால் சிறைத் தண்டனை உள்ள குற்றம். வாரிசுகள் தங்கள் பேரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது, அது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில்.

இன்றைய துப்பாக்கியில் கோளாறு வந்தால் தொழிற்சாலையைக் குறை சொல்லலாம். கெட்டிக்கிற துப்பாக்கியில் குறை சொல்ல, கடைசியாகக் கெட்டித்த ஆளைத் தவிர வேறு யாரும் இல்லை. பரணில் கிடப்பதைக் கடைசியாகக் கெட்டித்தவர் யார், எவ்வளவு போட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் இப்போது உயிரோடு இல்லை.